பலகைக்குக் கீழே

கம்போசிட் டெக் என்பது, மரத்தூளையோ நெல் உமியையோ உருக்கிய பிளாஸ்டிக்குடன் கலந்து வார்த்த பலகைகளை, தரைக்கு மேல் எழுப்பிய சட்டத்தின் மீது பரப்பி அமைக்கும் திறந்தவெளித் தளம். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் அது முதலில் அடுக்குமாடிகளின் நீச்சல் குளக் கரைகளிலும் ஹோட்டல்களின் முற்றங்களிலும் தென்பட்டது. பிறகு தொடர்வீடுகளுக்கும் வந்தது. வார்னிஷ் வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், கரையான் தின்னாது என்பவை அதற்குச் சொல்லப்பட்ட சிறப்புகள். மூன்றும் பெருமளவு உண்மைதான். ஆனால் மூன்றும் பலகையைப் பற்றியவை. பலகையைத் தாங்கும் சட்டம், சட்டத்துக்கு அடியிலுள்ள காற்றுவெளி, அந்த வெளியில் ஓடும் தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி விற்பனைத் தாள்கள் அதிகம் பேசுவதில்லை. சுங்கை வேயில் ஒரு மூலை வீட்டின் பக்கவாட்டு முற்றத்தில் 2015-இல் போடப்பட்ட டெக்கின் அனுபவம், பேசப்படாத அந்தப் பகுதியில்தான் வேலை முழுவதும் இருக்கிறது என்பதைக் காட்டியது.

பெட்டாலிங் ஜெயாவுக்குள் அடங்கிய சுங்கை வே, கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம் அதன் பழைய மையம். சுற்றிலும் ஈயச் சுரங்கங்களும் கித்தா (ரப்பர்) தோட்டங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றான சீபோர்ட் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் பெட்டாலிங் ஜெயாவில் இயங்குகிறது. 1970களில் சுதந்திர வர்த்தக வட்டாரம் எழுந்து மின்னணு ஆலைகள் வந்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அவ்வாறு தோட்ட லயத்திலிருந்து பலகை வீட்டுக்கும், பலகை வீட்டிலிருந்து செங்கல் வீட்டுக்கும் நகர்ந்த குடும்பங்களில் ஒன்றுதான் அந்த மூலை வீட்டுக் குடும்பம். மரத்தின் மேல் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த பாட்டிக்குச் சிமெண்டுத் தரை முட்டிவலியைத் தந்தது. பக்கவாட்டு முற்றத்தில் பலகைத் தளம் வேண்டும் என்ற ஆசை அவருடையது.

கம்போசிட்டுக்கு முன் அதே இடத்தில் ஒரு மரத்தளம் இருந்தது. நல்ல கனமான மரம் என்று சொல்லி விற்கப்பட்டது கெம்பாஸ். கெம்பாஸ் கனமானதுதான், வலுவானதும்கூட. ஆனால் கரையானை எதிர்க்கும் குணம் அதற்கு இல்லை. பழைய தோட்டநிலத்தில் எழுந்த குடியிருப்புகளில் கரையான் அடிமண்ணிலேயே இருக்கும். வெட்டாமல் விட்ட வேர்களும் புதைந்த அடிமரங்களும் அதற்குத் தீனி. மேற்கு மலேசியக் கட்டடங்களை அதிகம் தாக்கும் காப்டோடெர்மஸ் கெஸ்ட்ரோய் என்ற இனம், மண்ணிலிருந்து சேற்றுக் குழாய் கட்டி மேலேறும். முற்றத்துத் தளத்தில் அது குறுக்குச் சட்டங்களைத்தான் முதலில் தின்றது. மேற்பலகைகள் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தன. ஒருநாள் பூந்தொட்டியை நகர்த்தியபோது காலடியில் சட்டம் தூளாகப் பொடிந்தது.

நல்ல மரம் இந்த மண்ணில் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. தீபகற்பத்தின் செங்கால் மரத்துக்கு இணையாகச் சொல்லக்கூடிய மரங்கள் உலகில் குறைவு. சுங்கை வேயிலிருந்து வடக்கே, கெப்போங்கில், 1929-இல் தொடங்கிய வன ஆய்வு நிலையம் மரங்களின் ஆயுளை அளக்க எளிய வழியொன்றைக் கையாண்டது. 50 மில்லிமீட்டர் சதுரமும் 600 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட குச்சிகளை, எந்த மருந்தும் பூசாமல், மண்ணில் நட்டுவைத்து, அவை விழும்வரை ஆண்டுதோறும் பார்ப்பது. அந்தச் சோதனையில் செங்கால் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. வெப்பமண்டல ஈரமண்ணில் அதே பருமனுள்ள பல மரங்கள் ஓரிரு ஆண்டில் மறைந்துவிடும் என்பதை அறிந்தவர்க்கு இதன் அருமை புரியும். திரெங்கானுவின் டுயோங் தீவில் படகு கட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செங்காலை நம்பியதும் இதனால்தான். ஆனால் அந்த மரம் மெதுவாக வளர்வது. காடு சுருங்கச் சுருங்க அதன் விலை சாதாரண வீட்டுக்காரரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. செங்கால் என்ற பெயரில் வேறு மரங்கள் கைமாறுவதும் அதன் விளைவே. கம்போசிட் இந்த இடைவெளியில் நுழைந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியது தட்பவெப்பம். கிள்ளான் துறைமுகம் சுங்கை வேயிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வீட்டு முற்றத்தில் நின்றால் கடலும் தெரியாது, உப்பும் மணக்காது. ஆயினும் மலாக்கா நீரிணையின் ஈரம் அந்தச் சமவெளி முழுவதையும் நனைத்தே வைத்திருக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 2,500 மில்லிமீட்டருக்கு மேல். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பருவக்காற்றுகள் மாறும் வேளையில், மாலை இடிமழை ஏறக்குறைய நாள் தவறாமல் வரும். காற்றின் ஈரப்பதம் விடியலில் நூறு விழுக்காட்டை நெருங்கும். காலையில் நனைந்த பலகை நண்பகலில் சுடும், மாலையில் மீண்டும் நனையும். இந்தச் சுழற்சி 365 நாளும் நடக்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலம் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஓய்வு கொடுக்கிறது. இங்கே அவற்றுக்கு விடுமுறையே கிடையாது. அமெரிக்காவில் 1990களில் சந்தையைப் பிடித்த இந்தப் பொருளுக்கு அங்கே எழுதப்பட்ட நிறுவல் குறிப்புகளை வைத்துக்கொண்டு சிலாங்கூரில் வேலை செய்யும்போது, இந்த வேறுபாட்டைத் தச்சர் தாமாகவே கூட்டிக்கொள்ள வேண்டும்.

கம்போசிட் பலகையில் பாதிக்கும் சற்றுக் கூடுதலாகவே மரத்தூள் அல்லது உமி இருக்கும். மீதி பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் அல்லது பிவிசி. அதனுடன் நிறமி, வெயிலைத் தாங்கும் வேதிப்பொருள், பிணைப்பான். 1996-இல் தனி நிறுவனமான அமெரிக்காவின் டிரெக்ஸ் போன்றவை மறுசுழற்சி பிளாஸ்டிக் உறைகளையும் மரத்தூளையும் கொண்டு இதைப் பெரும் தொழிலாக்கின. நெல் விளையும் ஆசிய நாடுகளில் உமி இயல்பான மாற்றாக வந்தது. உமியில் சிலிக்கா அதிகம், நீரை அவ்வளவாக உறிஞ்சாது. முதல் தலைமுறைப் பலகைகளில் மேலுறை இல்லை. மேற்பரப்பிலிருந்த மரத்தூள் நேரடியாக மழையைக் குடித்தது, நிறம் வெளுத்தது, கரும்புள்ளிப் பூஞ்சை படர்ந்தது. பின்னர் வந்த பலகைகளுக்கு வார்க்கும்போதே மெல்லிய பிளாஸ்டிக் உறையும் சேர்த்து ஏற்றப்படுகிறது. அதிலும் இரு வகை. மேல்முகமும் பக்கங்களும் மட்டும் உறையிட்டவை ஒன்று, அடிப்பக்கம் உட்பட நான்கு புறமும் உறையிட்டவை மற்றொன்று. இந்த நாட்டின் ஈரத்துக்கு இரண்டாவதே பொருத்தம். மண்ணிலிருந்து எழும் ஆவி மோதுவது அடிப்பக்கத்தில்தான். கடையில் பலகையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

உள்ளே கூடுள்ள பலகைகளும் விற்பனைக்கு உண்டு. எடையும் விலையும் குறைவு. மழை அதிகமுள்ள ஊரில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. முனை மூடி ஒன்று கழன்றால் போதும், கூட்டுக்குள் தண்ணீர் தங்கும், எறும்பு குடியேறும், கொசுவும் முட்டையிடலாம். மூலை வீட்டில் கூடில்லாத கெட்டிப் பலகையே தேர்ந்தெடுக்கப்பட்டது.

வேலையை ஏற்றவர் கிள்ளானைச் சேர்ந்த தமிழர். துறைமுகப் பக்கம் பற்றவைப்பு வேலை செய்து, பின்னர் தச்சுக்கு வந்தவர். பலகையின் நிறத்தைப் பற்றி வீட்டார் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் தரையைத் தட்டிக் காட்டிச் சொன்னது அந்தக் குடும்பத்தில் இன்றும் நினைவுகூரப்படுகிறது: “மேல போடுற பலகைய எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்ணே. கீழ இருக்கிறது போச்சுன்னா எல்லாத்தையும் பேர்க்கணும்.” நூல்களில் பல பக்கங்கள் பிடிக்கும் செய்தி இவ்வளவுதான். பழைய தளத்தின் கதையும் இதையே சொன்னது. கம்போசிட்டுக்குக் கீழே மருந்தடித்த மலிவு மரச்சட்டம் வைப்பது இங்கே பரவலான வழக்கம். பலகையைக் கரையான் தொடாது, ஆனால் சட்டத்தைத் தின்னும். பழுதில்லாத பலகையைத் தாங்கும் பழுதான சட்டம், மரத்தளத்தைவிட ஆபத்தானது. மேலே எந்த அடையாளமும் தெரியாது என்பதே காரணம்.

ஆகவே இரும்புச் சட்டம். இங்கே ஒரு சிறு கணக்கு தேவைப்படுகிறது. வன்பொருள் கடைகளில் ஜி.ஐ. என்ற பெயரில் கிடைக்கும் மெல்லிய குழாய்ச் சட்டங்களில் துத்தநாகப் பூச்சு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. வெட்டி, துளையிட்டு, பற்றவைத்து முடித்த சட்டத்தை உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுதாக அமிழ்த்தி எடுக்கும் முறையில், 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள இரும்பில் சராசரியாக 70 மைக்ரான் ஏறும். துத்தநாகம் ஆண்டுதோறும் எவ்வளவு கரையும் என்பதற்கு அனைத்துலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 9223 படிநிலைகளை வகுத்திருக்கிறது. ஈரமும் ஓரளவு மாசும் உள்ள நகரச் சூழலான சி3-இல் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான். உப்புக்காற்று படும் சி4-இல் 2.1 முதல் 4.2. கடலோரக் கடும் சூழலான சி5-இல் 4.2 முதல் 8.4. அப்படியானால் 20 மைக்ரான் பூச்சு நகரத்தில் பத்து ஆண்டோ அதற்கு மேலோ தாங்கலாம். கடலோரத்தில் ஐந்து ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். பற்றவைத்த இணைப்பில் பூச்சு எரிந்து போயிருக்கும் என்பதால், அங்கே அந்த ஆயுள்கூட இல்லை.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வாய்ப்பும் கிடைத்தது. மூலை வீட்டம்மாவின் தங்கை கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில், கடற்காற்று நேரே வீசும் குடியிருப்பில், வேறொரு குத்தகையாளரைக் கொண்டு டெக் போட்டிருந்தார். மெல்லிய ஜி.ஐ. குழாயும் சாதாரணத் திருகாணிகளும். பலகைகள் புதிதுபோல் இருந்த காலத்திலேயே திருகாணித் தலைகளைச் சுற்றிச் செந்நிறக் கறை இறங்கியது. ஒரு பலகையைக் கழற்றியபோது சட்டத்தின் வெளி விளிம்பைவிட, மழை படாத உட்பகுதியே அதிகம் துருவேறியிருந்தது. முதல் பார்வைக்கு இது புதிராகத் தோன்றும். காற்றில் வரும் உப்பை மழை கழுவிவிடும் இடம் தப்புகிறது. மழை எட்டாத இடத்தில் உப்பு படிந்தே கிடக்கிறது, இரவு ஈரத்தை அதுவே ஈர்த்து வைத்துக்கொள்கிறது. டெக்கின் அடிப்பகுதியில் பெரும்பகுதி மழை நேரே கழுவாத இடம். கடலோர வீட்டில் டெக்கின் அடியையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். திருகாணியிலும் இதே கவனம் வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்றாலும் 304 வகை உப்புக்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வகை அதைத் தாங்கும். சுங்கை வேயில் 304 போதுமானது. துறைமுகப் பக்கத்தில் 316-க்குக் கொடுக்கும் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) வீண் போகாது.

தண்ணீர் அடுத்த கவலை. டெக் போட்டபின் அடித்தரை கண்ணுக்கு மறைகிறது, கைக்கும் எட்டாமல் போகிறது. மலேசியாவில் டெங்கிக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு போத்தல் மூடியளவு தண்ணீர் போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம், கொசு பெருக இடம் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கே அபராதம் விதிக்கிறது. அபராதத்தைவிடப் பெரியது குழந்தைகள் உள்ள வீட்டில் வரும் காய்ச்சல். எனவே பழைய சிமெண்டுத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அது எங்கெங்கே தேங்குகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டார்கள். அந்தப் பள்ளங்களை நிரப்பி, நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் லோங்காங் (வடிகால்) பக்கமாகத் தரை மீண்டும் பூசப்பட்டது. குறுக்குச் சட்டங்கள் சரிவின் திசையிலேயே ஓடும்படி வைக்கப்பட்டன. எதிர்த் திசையில் வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஓர் அணை ஆகிவிடும். கழிவுநீர்க் குழியின் மூடிக்கு மேலும், லோங்காங்கை ஒட்டியும், நான்கு திருகாணியைக் கழற்றினால் தூக்கிவிடக்கூடிய சிறு கதவுகள் விடப்பட்டன. அழகுக்காகப் பக்கங்களை முழுதாக மூடும் வழக்கம் உண்டு. இங்கே காற்று போகும்படி பட்டைகளுக்கிடையே இடம் விடப்பட்டது. உயரத்துக்கு அடுக்களை வாசற்படியே எல்லையாக அமைந்தது.

பலகை பரப்புவது பார்வைக்கு எளிதான வேலை. அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது விறைப்பு. கம்போசிட்டின் விறைப்பு செங்காலின் விறைப்பில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். வெயிலில் சூடேறினால் இன்னும் குறையும். மரத்துக்கு வைத்த இடைவெளியில் சட்டங்களை வைத்தால் நடக்கும்போது பலகை தொய்யும், கனமான தொட்டி வைத்த இடத்தில் காலப்போக்கில் நிரந்தரமாகப் பள்ளமாகும். மூலை வீட்டில் சட்டங்கள் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வைக்கப்பட்டன. இரண்டாவது வெப்பம். மரம் ஈரத்தால் அகலத்தில் விரிவது. கம்போசிட் வெப்பத்தால் நீளத்தில் விரிவது. மரத்தில் கைதேர்ந்த தச்சர்களும் இந்த மாற்றத்தைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 3.6 மீட்டர் பலகையை விடியற்காலைக் குளிரில் வெட்டி வைத்தால், நண்பகலில் அது நான்கைந்து மில்லிமீட்டர் நீளும். முனையோடு முனை இடித்துப் பொருத்திய பலகைகள் நண்பகலில் ஒன்றையொன்று தள்ளி வளைந்து எழும்பும். சுவரோரம் அதைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். பலகைகளை நிழலில் ஓரிரு நாள் அடுக்கி வைத்து, எந்த நேரத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பார்த்து இடைவெளியைக் கூட்டியோ குறைத்தோ வைப்பதே முறை. பக்கவாட்டு இடைவெளியை, பலகையின் காடியில் மாட்டும் மறைகவ்விகள் தாமே பார்த்துக்கொள்கின்றன. அந்த ஐந்தாறு மில்லிமீட்டர் வழியாகத்தான் மழைநீரும் காற்றும் கீழே போகின்றன.

நிறத் தேர்வில் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. இளையவர்களுக்குக் கரும்பழுப்பு பிடித்தது. பாட்டியின் விருப்பம் வெளிர் சாம்பல். கருநிறப் பலகை நண்பகல் வெயிலில் 60 டிகிரி வரை சூடேறக்கூடியது. மாதிரித் துண்டுகள் இரண்டையும் வெயிலில் வைத்து அவர் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்ததோடு வாதம் முடிந்தது. வெறுங்காலோடு நடப்பதற்காகவே போடப்படும் தளத்தில் இந்தச் சோதனை எல்லா வீட்டிலும் செய்யத் தக்கது.

தமிழர் வீட்டு டெக்கில் கூடுதலாக ஒரு விதி சேர்க்க வேண்டும். பாலிஎத்திலீன் ஏறக்குறைய 130 டிகிரியில் உருகும். பொங்கல் அடுப்பின் விறகுக் கங்கு அதைப்போல் பலமடங்கு சூடு. செங்கல் அடுக்கி அதன் மேல் பொங்கினாலும் செங்கலின் அடிச்சூடு பலகையில் இறங்கும். தெறிக்கும் கங்கு ஒன்றே போதும், அழியாத வடு விழும். தீபாவளி மத்தாப்பும் சூடம் ஏற்றிய தட்டும் அதேபோல்தான். மூலை வீட்டில் கிழக்குப் பக்கம் மூன்றடி அகலச் சிமெண்டுத் தரை டெக்கால் மூடப்படாமல் விடப்பட்டது. பொங்கல் பானை அங்கே ஏறியது, கோலமும் அங்கேதான். அரிசிமாவு பலகை இடுக்கில் விழுந்தால் எறும்பையும் பூஞ்சையையும் அழைக்கும் என்பதால், அந்த ஏற்பாடு இரு வகையிலும் பயன்பட்டது. தொடக்கத்திலேயே வரைபடத்தில் குறித்தால் இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

பராமரிப்பு குறைவு என்று சொல்வதில் ஒரு வரம்பு உண்டு. தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் இல்லாமல் போகின்றன. துடைப்பதும் பார்ப்பதும் இருக்கின்றன. கம்போசிட்டின் மேல் படரும் பூஞ்சை பெரும்பாலும் பலகையைத் தின்பதில்லை. பலகையின் மேல் தங்கும் இலைத்துகள், மகரந்தம், தூசி ஆகியவற்றைத் தின்றே வாழ்கிறது. கூட்டிப் பெருக்கினால் அதற்கு உணவில்லை. மாம்பூ உதிரும் காலத்தில் வாரம் ஒருமுறை பெருக்குவதும், சில மாதங்களுக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரும் மென்தூரிகையும் கொண்டு பலகையின் நீளவாக்கில் தேய்ப்பதும் போதுமானதாக இருந்தன. இடுக்குகளில் அடைந்த இலையை மெல்லிய பட்டையால் நெம்பி எடுப்பதுதான் சலிப்பூட்டும் வேலை. அதை விட்டுவிட்டால் இடைவெளி அடைபட்டு நீர் மேலேயே நிற்கும். நீரழுத்தக் குழாயை நெருக்கிப் பிடித்தால் மேலுறை கீறும், அதற்குப் பழுது பார்ப்பே இல்லை. மஞ்சளும் கறியெண்ணெயும் சிந்திய அன்றே துடைத்தால் உறையிட்ட பலகையில் கறை நிற்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சிறு கதவுகளைத் திறந்து, கைவிளக்கடித்து, இரும்பில் வெண்பூ (துத்தநாகத் துரு) படிகிறதா, கரையான் சேற்றுக் குழாய் சுவரோரம் ஏறுகிறதா, தண்ணீர் எங்கேனும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டத்தைத் தின்னாத கரையானும் டெக்கின் மறைவைப் பயன்படுத்தி வீட்டுக் கதவுநிலைக்குப் போய்ச்சேரும்.

உற்பத்தியாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறங்களையும் பலகையின் காடி அளவையும் மாற்றிவிடுகிறார்கள். பிறகு ஒரு பலகை பழுதானால் அதே அச்சில் இன்னொன்று கிடைக்காது. வேலை முடிந்த அன்று மீந்த பலகைகளில் முழு நீளமுள்ளவற்றையும், ஒரு பை மறைகவ்விகளையும் வீட்டார் மாடிப்படிக்கு அடியில் சமமாகக் கிடத்தி வைத்தார்கள். சுவரில் சாய்த்து வைத்தால் பலகை வளைந்துபோகும். வெட்டுத் துண்டுகளை எரிக்காமல், தொட்டிகளுக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஒதுக்கினார்கள். பிளாஸ்டிக் கலந்த எதையும் எரித்தால் புகை நஞ்சாகும், பிவிசி என்றால் இன்னும் மோசம். படிக்கடியில் வைத்த பலகைகளில் ஒன்று, சில ஆண்டுகள் கழித்து, தென்னை மட்டை விழுந்து முனை உடைந்த பலகைக்கு மாற்றாகப் போனது. இரண்டும் ஒரே வார்ப்பு என்றாலும் புதியது சற்றுக் கருமையாகத் தெரிந்தது. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டதில், ஓர் ஆண்டுக்குள் நிறம் ஒத்துப்போனது.